ஆறு தண்ணீர்

கோபன்ஹேகனிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பதினாறு கட்டங்கள்.
நிறம் என்ற கட்டத்தில் நுகாக்கா
வெள்ளை என்று எழுதி, அடித்து,
கடலுக்குள் கண்ணாடி, கையில் சுண்ணாம்பு
என்று எழுதுகிறாள்.
இடம் போதாமல் எழுத்து
ஓரத்தில் ஏறிப் போகிறது.

கடினம்: மூன்று.
நகம் தோற்றது. செப்புக் காசு கீறியது.
படிகம்: ஒற்றைச் சரிவு.
மூன்று அச்சில் ஒன்று மட்டும்
சுவரில் சாய்ந்து நிற்பவனைப் போல.
வகுப்பு: கார்பனேட்.
உட்பிரிவு: நீர் சேர்ந்தவை.
பெயர்: இக்காயிட்.
எங்கள் ஃப்யோர்டின் பெயர்தான் அது,
வால் மட்டும் வெளியூர்.

ஒரு சுண்ணத்துக்கு ஆறு தண்ணீர்.
ஆறினால்தான் ஆறும் நிற்கும்.
இக்காவின் அடியில்
பாறைக்குள்ளிருந்து கசியும் சோடா ஊற்று
கடலைத் தொடும் இடத்தில்
தூண் எழுகிறது.
சிலது இருபது மீட்டர்.
ஒரு வருடத்தில் அரை மீட்டர் வளரும்,
பிள்ளைகள்கூட அப்படி வளர்வதில்லை.
முக்குளித்து ஒரு முனையை ஒடித்து வந்தவன்
அவள் தம்பி பாவியா.
மேலே வருவதற்குள்
கையுறைக்குள் அது வியர்த்திருந்தது என்றான்.

இருநூற்றெட்டு கிராம்.
சமையல் தராசு, இரண்டு முறை நிறுத்தது.
பிறகு உறைபெட்டியில்,
சீல் விலா எலும்புகளுக்கும்
கப்பெலின் மீன் பொட்டலத்துக்கும் நடுவே.
உலொரியாக் கதவைத் திறக்கும்போதெல்லாம்
அதைத் தள்ளி வைத்துவிட்டு இறைச்சி எடுப்பான்.
"உன் விருந்தாளி எப்போது கிளம்புவார்?"

ஆகஸ்டில் ஜெனரேட்டர் நின்றது.
உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும்,
கப்பல் மூடுபனியில்.
மூன்றாம் நாள்
பக்கத்து வீட்டுக்காரர் படகிலிருந்து
பனிப்பாறைத் துண்டு நிறைத்த பெட்டி கொண்டுவந்தார்.
அதில் இடம் ஒன்றுக்குத்தான்.
உலொரியாக் அவளைப் பார்த்தான்.
அவள் விலா எலும்பைக் காட்டினாள்.
சண்டை ஒன்றும் இல்லை.
குளிர்காலம் நீளமானது.

காலையில் தட்டில்
அரைத்த மாவு போல ஏதோ,
சுற்றிலும் தண்ணீர்.
வடித்தாள். உலர்த்தினாள். நிறுத்தாள்.
சுண்ணம் நூறு.
தண்ணீர் நூற்றெட்டு.
ஒரு கிராமும் திருட்டுப் போகவில்லை.
பெயர்தான் போய்விட்டது.
உலகில் எங்கும் கிடைக்காதது
எங்கும் கிடைப்பதாகிவிட்டது:
கால்சைட்.
முட்டை ஓடு, சிப்பி, குகைச் சுவர்,
எந்தப் பள்ளிக்கூடத்துக் கல் பெட்டியிலும்
முதல் குழியில் இருக்கும் கல்.

உருகியது என்று எழுதலாமா?
பனி உருகினால் பனியாகத் திரும்பும்.
சிதைந்தது?
எடை குறையவே இல்லையே.
படிவத்தின் பின்பக்கக் குறிப்பில்
பழைய களிமண்ணில் கிடைக்கும் உறவுக்காரர் ஒருவர்:
இக்காயிட் கிளம்பிப் போன வெற்றிடத்தில்
கால்சைட் புகுந்து, அதே முள் வடிவில்.
கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது.
அதற்கு வைத்திருக்கும் பெயர் பொய்யுரு.
பொய் யார் சொன்னது?
இவள் கல் அதைக்கூடச் செய்யவில்லை.
தட்டின் வடிவத்தில் கிடக்கிறது.

எந்தச் சூட்டில் அளந்தீர்கள்
என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.
பதினேழாவதை
அளவுகோல் வைத்துத் தானே வரைந்தாள்.
நான்கு டிகிரி வரை நான் சொன்னதெல்லாம் சரி,
என்று அதற்குள் எழுதினாள்.
அவள் சொன்னதா, கல் சொன்னதா,
தெளிவாக இல்லை. அப்படியே விட்டாள்.

ஜாம் புட்டியில் பொடி.
காப்பித்தூள் புட்டியில் தண்ணீர்,
உலொரியாக் ஒரு வாய் குடித்தது போக.
(சவர்க்காரம் மாதிரி இருக்கிறது என்றான்.)
இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டி,
படிவத்தோடு ஒரு சீட்டு:

"இரண்டையும் கலந்து
குளிரில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும்.
மின்சாரம் வந்ததும் நாங்களும் வைத்தோம்,
ஒன்பது நாள்.
பனிக்கட்டியும் சுண்ணாம்பும்தான்.
தூண்கள் இன்னும் கீழே இருக்கின்றன.
வருவதானால் செப்டம்பருக்குள் வாருங்கள்,
தடித்த கையுறையோடு."